கடைசி நொடியில் கையைத் திருப்பாதீர்கள்

“கீழே வரும்போது கையை மட்டும் கொஞ்சம் திருப்பிவிடுங்க சார், பந்து நேராப் போயிரும்.” கால்ஃப் ஆடப் போன எவரும் இந்த அறிவுரைக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். பை சுமக்கும் கேடி சொல்வார், கூட ஆடும் மேலாளர் சொல்வார், நேற்றுத்தான் கிளப் என்னும் கால்ஃப் மட்டையைத் தொட்டவரும் சொல்வார். பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கே டிரைவிங் ரேஞ்சில் பந்து தட்டப் பழகும் எங்கள் மேட்டூர்ப் பிள்ளைகளும் விடுமுறைக்கு வரும்போது இதையே வேதம் போலச் சொல்கிறார்கள். மேட்டூர்க்காரனுக்குக் கால்ஃப் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். 2021 ஆகஸ்டில் அதிதி அசோக் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ஒலிம்பிக் பதக்கத்தை இழந்த அந்தக் காலையில், கால்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் தொலைக்காட்சி ஓடியது. ஆட்டம் வந்துவிட்டது. கூடவே அதன் மூடநம்பிக்கைகளும் வந்துவிட்டன.

நோய் இதுதான். வலக்கை ஆட்டக்காரரின் கிளப் பந்தைத் தொடும்போது அதன் முகம் இலக்கைப் பார்க்காமல் வலப்பக்கம் பார்க்கிறது. முகம் திறந்திருக்கிறது என்பார்கள். பந்து வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போகிறது. அதற்கு ஸ்லைஸ் என்று பெயர். மருந்தாக விற்கப்படுவது, பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் மணிக்கட்டைச் சுழற்றி முகத்தை மூடிவிடுவது. இந்த மருந்தைத்தான் போலி என்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். பின்னால் ஓங்கிய உச்சியிலிருந்து பந்து வரை கிளப் இறங்கி வர ஏறத்தாழ கால் நொடி. கண்ணால் கண்டதற்குக் கை பதில் செய்ய மனிதருக்கு ஐந்தில் ஒரு பங்கு நொடி வேண்டும். பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பது ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. முகம் திறந்திருப்பதை உணர்ந்து, திருப்ப முடிவுசெய்து, திருப்பி முடிக்கும்போது பந்து எப்போதோ கிளம்பிப் போயிருக்கும். ‘அப்படியானால் முன்கூட்டியே திட்டமிட்டுத் திருப்புகிறேன்’ என்பீர்கள். நல்ல ஆட்டக்காரர் கையிலேயே அந்த இடத்தில் முகம் நொடிக்கு 2,000 பாகைக்கும் மேலான வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் 2 பாகை போயிற்று. 2 பாகை விலகிக் கிளம்பிய பந்து 200 கஜத்தில், வளைவே இல்லாவிட்டாலும், 21 அடி தள்ளி விழும். இதன்மேல் இன்னும் வேகமாக ஒரு திருப்பலைச் சேர்ப்பவர் பிழையைத் திருத்தவில்லை, சூதாடுகிறார். பத்தில் ஒன்று நேராகப் போகும். அந்த ஒன்றுதான் அவரைக் கெடுக்கிறது.

நம்மிடம் இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேரோடியிருப்பதற்குக் காரணம் கிரிக்கெட். விஸ்வநாத்தையும் அசாருதீனையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கடைசி நேரத்தில் மணிக்கட்டை மடக்கி, ஆஃப் பக்கம் வந்த பந்தை லெக் பக்கம் அனுப்புவதே கலை என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் கிரிக்கெட்டிலேயே அது உண்மையல்ல. 1987இல் பீட்டர் மெக்லியட் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஆடுகள விரிப்புக்கு அடியில் மெல்லிய மரக் குச்சிகளை வைத்து, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்க முடியாதபடி செய்தார். ஆடியவர்கள் சர்வதேச மட்டையாளர்கள். எதிர்பாராத திருப்பத்துக்கு ஏற்ப, ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குள் மட்டையை மாற்ற அவர்களாலும் முடியவில்லை. அவர்கள் திறமையெல்லாம் முன்கூட்டியே கணித்துவிடுவதில் இருக்கிறது. நாம் மணிக்கட்டின் மாயம் என்று கைதட்டியது, முன்பே முடிவான அடி. வரும் பந்தை ஆடுபவருக்கே இதுதான் கதி என்றால், அசையாமல் கிடக்கும் பந்தை அடிப்பவர் ஏன் கடைசிக் கணத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

புகைப்படத்தைக் காட்டி வாதாடுவோரும் உண்டு. பெரிய ஆட்டக்காரரின் வலது முன்கை இடதுகையின் மேல் புரண்டு கிடக்கும் படம். அந்தப் படத்தில் பந்து எங்கே என்று தேடுங்கள். சட்டகத்தை விட்டே போயிருக்கும். அடித்த பிறகு கை புரள்வதைப் பார்த்துவிட்டு, புரட்டியதால்தான் அடி சரியாக விழுந்தது என்கிறார்கள்.

இதற்கு இன்னொரு பழைய தவறு துணைக்கு வருகிறது. கிளப் வீசிய திசையில்தான் பந்து கிளம்பும் என்று பல தலைமுறைகள் கற்பித்தன. ரேடார் கருவிகள் வந்த பிறகு அந்தப் பாடம் உடைந்துவிட்டது. பந்து கிளம்பும் திசையில் பெரும்பங்கு, ஏறத்தாழ 75 முதல் 85 விழுக்காடு வரை, முகம் பார்க்கும் திசை. வீச்சுக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி வளைவைத் தீர்மானிக்கிறது. பழைய பாடத்தை நம்பி, பந்து வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கமாக வீசுபவர் அந்த இடைவெளியை அகலப்படுத்துகிறார். ஸ்லைஸ் இன்னும் மோசமாகிறது. அதைக் கண்டு இன்னும் வேகமாகக் கையைத் திருப்புகிறார். வாரக்கடைசி ஆட்டக்காரர்கள் பலரின் மொத்த ஆட்ட வாழ்க்கையும் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும்.

பெரியவர்களின் பெயரால் நடக்கும் கொடுமை தனி. கால்ஃப் மேதை பென் ஹோகன் 1955இல் ‘லைஃப்’ இதழில் தன் ரகசியத்தை வெளியிட்டார். உச்சியில் இடது மணிக்கட்டைப் பின்பக்கமாகக் குழிப்பது அதன் முக்கியப் பகுதி. அது முகத்தைத் திறக்கும் செயல். அவர் நோய் வேறு. பந்து இடப்பக்கம் வளைந்து ஓடும் ஹூக் அது. முகம் அதிகம் மூடிவிடாதபடி காத்துக்கொள்ளவே அந்த வழி. ரகசியம் கிடைத்த மகிழ்ச்சியில் ஸ்லைஸ்காரர்களும் மணிக்கட்டைக் குழித்தார்கள். பேதி நிற்கக் கொடுத்த மருந்தை மலச்சிக்கல்காரர் விழுங்கினால் என்ன ஆகும்? இன்றைய ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சனைப் பாருங்கள். உச்சியில் அவர் இடது மணிக்கட்டு நேர்மாறாக வளைந்து, கிளப்பின் முகம் வானத்தைப் பார்க்கும். அங்கேயே மூடிவிட்டதால் கீழே புரட்டும் வேலை அவருக்கு மிச்சமில்லை. 2020 நவம்பரில் 268 அடிகளில் மாஸ்டர்ஸை வென்றார். அந்தப் போட்டியில் அதைவிடக் குறைவாக அதுவரை எவரும் முடித்ததில்லை. எல்லோரும் அவரைப் போல வளைக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. முகம் எங்கே தீர்மானமாகிறது என்பதற்கு அவர் சாட்சி.

பிழை வெளிப்படும் இடமும் பிழை பிறக்கும் இடமும் வேறு வேறு. இதை விளங்கிக்கொள்ள எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரே போதும். சின்னப்பம்பட்டி நடராஜன் 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான சிறிது காலத்திலேயே அவர் பந்துவீச்சு முறைமீது புகார் எழுந்தது. பந்து கையை விடும் நேரத்தில் முழங்கையை நேராக வைத்துக்கொள் என்று சொல்லி அவரை மைதானத்துக்கு அனுப்பிவிடவில்லை. பயிற்சியாளர் சுனில் சுப்பிரமணியம் போன்றோரின் துணையோடு முறையையே பிரித்துக் கட்டினார். 2016இல் திண்டுக்கல் அணிக்காகத் தமிழ்நாடு பிரீமியர் லீகில் ஆடினார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியச் சட்டை அணிந்தார்; அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். கால்ஃபில் மட்டும் மணிக்கட்டின் ஒரு சுண்டலில் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

கல்லணையில் நிற்கும் பொறியாளர் வந்த தண்ணீரைப் பங்கிடலாம், கூட்ட முடியாது. எவ்வளவு என்பது பெரும்பாலும் மூன்று நாளுக்கு முன்பே மேட்டூர் மதகில் முடிவாகிவிட்டது. கால்ஃபில் அந்த மதகு, கிளப்பைப் பிடிக்கும் பிடி. இடது கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். குனிந்து பார்த்தால் இரண்டு, மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். அடுத்து உச்சி: இடது மணிக்கட்டு குழியாமல் தட்டையாக இருக்கட்டும். டவுன்ஸ்விங்கில்தான் திருத்துவேன் என்று அடம்பிடிப்பவர் அதன் தொடக்கத்திலேயே, கை இறங்க ஆரம்பிக்கும்போதே, அந்த மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக வளைக்கலாம். கிளப்பின் தண்டு தரைக்கு இணையாக இடுப்பளவுக்கு வந்ததும் நிறுத்திப் பார்க்கலாம். உச்சியில் போலன்றி, இங்கே முகம் வானத்தைப் பார்த்தால் திறந்திருக்கிறது. சற்றே தரைப் பக்கம் சாய்ந்திருந்தால் சரி. அந்த இடத்துக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

பிடியை மாற்றினால் முதலில் சில நாள் பந்து இடப்பக்கம் பறக்கும். இதைச் சொல்லாமல் விடும் பயிற்சியாளரும் குற்றவாளிதான். வீச்சு இன்னும் பழைய பழக்கத்தில் இடப்பக்கமே போகிறது, முகம் மட்டும் மூடிவிட்டது, அதனால்தான் அப்படி. அடுத்துச் சரிசெய்ய வேண்டியது வீச்சு. பெரும்பாலோர் அந்த வாரத்தில் பயந்துபோய்ப் பழைய பிடிக்குத் திரும்புகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்வார்: “நான்தான் அப்பவே சொன்னேனே, கையை மட்டும் கொஞ்சம் திருப்பிவிடுங்கன்னு.”