பஸ் கூலியோடு ஒரு பகல்



லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுக்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே பிரிட்டிஷ் மியூசியத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணமில்லையாம், பூங்காக்களும் அப்படித்தானாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாமாம். கேட்கும் நமக்கு ஒரு பெருமூச்சு வரும். இங்கே ஒரு பயணம் என்றால் வேன் பிடிக்க வேண்டும், சஹனுக்குச் சோறு ஆக்க வேண்டும், போன இடத்தில் டிக்கட் வாங்க வேண்டும். கணக்குப் பார்த்துவிட்டு, "அடுத்த லீவுக்குப் பார்ப்போம்" என்று பிள்ளைகளின் வாப்பா முடித்துவிடுவார்.

புத்தளம் பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் எலுவன்குளத்தைச் சொல்வேன். வண்ணாத்திவில்லுக்கு வடக்கே, மன்னாருக்குப் போகும் பழைய வீதியில் இருக்கிறது. வில்பத்துக் காட்டின் தெற்கு வாசல் அதுதான். காட்டுக்குள் போகக் கட்டணம் உண்டு, ஜீப் கூலி வேறு. அதை விட்டுவிடுங்கள். வாசலுக்கு வெளியே பார்க்க இருப்பதே ஒரு பகலுக்குப் போதும்.

முதலில் கலா ஓயா. தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய கலா வாவியின் நீர் இந்த ஆற்றில்தான் வருகிறது. சுமார் 148 கிலோ மீட்டர் ஓடி, எலுவன்குளத்தைத் தாண்டி, கங்கேவாடியில் களப்போடு கலக்கிறது. மாரி மழையில் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்தே நின்றுபோவதுண்டு. ஆகவே மழைக்காலத்தில் போக வேண்டாம். ஆற்றில் முதலையும் உண்டு. பிள்ளைகளைக் குளிக்க இறக்காதீர்கள்.

ஆறு கடலோடு சேரும் இடத்தில் நிற்பது நாட்டின் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று. படகில் போனால் காசு, கரையில் நின்று பார்த்தால் காசில்லை. கண்டல் மரத்தின் விதை மண்ணில் விழுந்த பிறகு முளைப்பதில்லை. தாய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகு சேற்றில் விழுந்து வேரூன்றுகிறது. ஒரு மகளை வளர்த்து, நிற்கத் தெரிந்த பிறகு அனுப்பி வைப்பது போல! சேற்றுக்கு வெளியே தலை நீட்டும் வேர்கள் சில மரங்களுக்கு மூச்சு விடுவதற்கானவை. அந்த வேர்களின் இடுக்கில்தான் இறாலும் மீன் குஞ்சும் வளர்கின்றன. நாம் ஆணமாக்கும் மீனின் தொட்டில் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344-ல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்தார். அவர் கரையிறங்கிய 'பத்தாலா' நம்முடைய புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

இன்னொரு கதையும் இருக்கிறது. அது சொல்லக் கஷ்டமானது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது சுமார் 75,000 பேர் ஊரை இழந்தார்கள். மன்னார்ப் பக்கத்தார் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி வந்த மூத்தம்மா ஒருவர் இருக்கலாம். அவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். எலுவன்குளத்தில் காட்டுக்குள் நுழையும் அந்த வீதி எங்கே போகிறது என்று பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, முசலி என்று அவர் வாயாலேயே பெயர்கள் வரட்டும். அவர் பேசாமல் இருந்தால் வற்புறுத்த வேண்டாம்.

செலவில்லை என்றேன். ஆனால் யாருக்குச் செலவில்லை? சுபஹுக்கு முன் எழுந்து ஆக்கி, கட்டி, சுமந்து, பரிமாறி, திரும்பி வந்து சட்டி கழுவும் உம்மாவுக்கு அது பயணமா? அடுப்பின் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ரொட்டியும் கட்டைச் சம்பலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போதும். பாயையும் தண்ணீரையும் ஆண்கள் சுமக்கட்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள்; அன்னை முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தி, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சொன்னதாக அபூதாவூதில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்!

வழியில் உள்ள பள்ளியில் பெண்கள் தொழ இடம் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். முஸல்லாவும் வுளூவுக்கு ஒரு கலன் தண்ணீரும் கையில் இருந்தால் கவலையில்லை. கொண்டு போன பொலித்தீன் பைகளைத் திரும்ப எடுத்து வாருங்கள். அஸர் தொழுததும் பஸ் ஏறிவிடுங்கள். காட்டோரம் ஆகையால் பொழுது சாய்ந்தால் யானை வரும்.