தலைக்கு மறைப்பும் மூச்சுக்கு வழியும்

தூங்குதல் என்னும் சொல்லுக்குத் தொங்குதல், அசைதல் என்னும் பொருள்கள் பழந்தமிழிலே பெருவழக்கு. வானத்தே அசைந்த கோட்டையைத் தூங்கெயில் என்றனர் முன்னோர். தமிழகத்தார் இன்று அச்சொல்லால் உறக்கத்தைக் குறிப்பர். யாழ்ப்பாணத்தாராகிய நாமோ உறக்கத்தை நித்திரை என்று சொல்லி, தூங்குதலைத் தொங்குதலுக்கே விட்டுவைத்திருக்கிறோம். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அது ஏணை.

சென்ற ஆனி மாதத்தில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் மாடிவீட்டின் மேற்கு முகப்பிலே எனக்கென ஒரு வலை ஏணை கட்டினேன். கீழே புகைவண்டிப் பாதை, அதற்கப்பால் கடல். கடலோசை கேட்கவேண்டும் என்னும் ஆசையால் தலைமாட்டைக் கடற்பக்கம் வைத்துப் படுத்தேன். என் தலையோ மயிர் நீங்கிப் பல்லாண்டாகிய தலை. இரவு முழுதும் சோளகம் வீசிற்று. விடிந்தபோது கழுத்தைத் திருப்ப இயலவில்லை. இடப்புறத்து மாணவரை நோக்குதற்கும் அன்று உடம்பு முழுவதையும் திருப்பவேண்டியதாயிற்று. குற்றம் காற்றினதோ, வளைந்து கிடந்த கிடையினதோ, அறியேன், தண்டனை எனது.

அன்று மாலை என் மனையாள் ஒரு தடித்த போர்வையால் என்னைத் தலைமுதல் மூடினாள். அத்தோடு அமையாது, உள்ளறையிலே சேலை ஏணையிற் கிடந்த ஆறு மாதப் பேரனின் முகத்தையும் சால்வையால் மூடி, "இஞ்சாருங்கோ, பிள்ளைக்குக் காத்துப் பட்டிடும், எடுத்துப்போடாதேயுங்கோ" என்றாள். மகள் ஓடிவந்து சால்வையை அகற்றினாள். தாய்க்கும் மகளுக்கும் வழக்கு மூண்டது. தீர்ப்புக் கூற நான் அழைக்கப்பட்டேன். மரபுக்கு வாதாடுவதையே தொழிலாகக் கொண்ட பண்டிதன், மனைவி பக்கமே நிற்பான் என்று இருவரும் எண்ணியிருப்பர்.

மரபு கூறுவது யாது? பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, வடகாற்றின் பெயராலேயே அமைந்த நூல். அதிலே நக்கீரர் காட்டும் ஆயர், நெருப்பிலே கைகாய்ந்தும் கன்னம் நடுங்கி நிற்கின்றனர். நகரத்திலோ வேனிற்காலத்துத் தென்றலை வரவேற்ற சாளரங்கள் திறவாதிருக்கின்றன, கதவுகள் தாழிடப்படுகின்றன, விசிறிகள் சிலந்தி நூல் சூழத் தூங்குகின்றன. தென்றலுக்குத் திறந்த வீடே வாடைக்கு மூடிற்று என்பதைக் கருதுக. நம் முன்னோர் காற்றைப் பகையென வெறுத்தாரல்லர். திசையும் பருவமும் அறிந்து ஒழுகினர். அவர்கள் காற்றின் வாயிலை அடைத்தனரேயன்றி, உறங்குவோரின் மூக்கை அடைத்ததாக அப்பாட்டிற் காணோம்.

இக்காலத்து உடல்நூல் கூறுவதும் இதற்கு மாறன்று. தோலை ஒட்டி வெப்பமான காற்று ஒரு மெல்லிய ஆடைபோல் நிற்கிறது. வீசும் காற்று அவ்வாடையைக் கணந்தோறும் களைகிறது. கட்டிலிற் படுப்பவனுக்கு மெத்தை கீழ்ப்புறத்தைக் காக்கும். ஏணையிற் படுப்பவனுக்கோ முதுகின் கீழும் காற்றே. உடலின் உள்வெப்பம் விடியலுக்குச் சற்று முன்னரே மிகத் தாழ்கிறது. குளிர் பட்டவுடன் கைகால்களின் குருதிக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தைக் காப்பதுபோலத் தலைத்தோலின் குழாய்கள் சுருங்குவதில்லை. ஆகவே ஏணையிலே தலையைக் காற்றினின்று காத்தல் தகும்.

ஆயினும் உடல்வெப்பத்திற் பாதி தலைவழியே போய்விடும் என்று கூறுதல் மிகை. வளர்ந்தவரின் தலை உடற்பரப்பிலே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. இழக்கும் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே. தடிமனும் கிருமியால் வருவது, காற்றினாலன்று.

குழந்தையின் நிலை வேறு. அதன் தலை உடற்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை அடுத்தது. மிகுந்த வெப்பம் வெளியேறும் பெருவாயிலும் அதுவே. அதனை மூடினால் உடல் கொதிக்கும். துணி நழுவி மூக்கின்மேல் விழுந்தால் விலக்கிக்கொள்ள அச்சிறு கைகளுக்கு ஆற்றல் இல்லை. குழந்தையை மல்லாத்தி, சமமான உறுதியான படுக்கையில், முகமும் தலையும் திறந்திருக்கக் கிடத்துக என்பதே மருத்துவர் கொள்கை. மல்லாத்திக் கிடத்துமாறு இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டிலும் தொடங்கிய இயக்கங்களின் பின், உறக்கத்திலே நேரும் குழந்தை மரணங்கள் பெரிதும் குறைந்தன. மோவாய் மார்பிலே கவிழுமாறு வளைந்த ஏணையில் நெடுநேரம் உறங்கவிடுதலையும் அவர்கள் விரும்பார்.

கொட்டாஞ்சேனையிலே நான் கற்பிக்கும் மாணவர் சிலர் ஒரே சாளரமுள்ள அறைகளில் வாழ்பவர்கள். அத்தகைய அறை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். இலையும் அசையாத வெக்கை. அங்கும் வளையிலே ஏணை. அங்கும் குழந்தையின் முகத்தின்மேல் ஒரு துணி! மார்கழி வாடை புகுந்த யாழ்ப்பாணத்து முற்றத்திலே பிறந்த வழக்கம், காற்றே புகாத கொழும்பு அறைக்கும் குடிபெயர்ந்துவிட்டது. காரணத்தை ஊரிலே விட்டுவிட்டுக் காரியத்தை மட்டும் சுமந்து வருதல் மரபைப் பேணுதலாகுமா? நான் அஞ்சுவது இதற்கே.

வளர்ந்தோர் செய்யத்தக்கது எளிது. காற்று வரும் திசைக்குக் காலை நீட்டுக. தலையை மறுபுறம் வைக்க. வைகாசி முதல் புரட்டாதி வரை கொழும்பிலே காற்று கடலிலிருந்து வரும். மார்கழி முதல் மாசி வரை வடகீழ்த் திசையிலிருந்து வரும். இடைப்பட்ட மாதங்களிற் பகலிலே கடற்காற்றும் இரவிலே தரைக்காற்றும் வீசும். வடக்கே தலைவைத்தல் ஆகாது என்பதற்குச் சமயநூலார் கூறும் காரணம் வேறு. எனினும் வாடைக்காலத்துத் திண்ணையிற் படுத்தெழுந்தவன் எவனும் அவ்விதியைக் குறைகூறான். காற்று வரும் பக்கத்தே ஒரு பாயைத் தொங்கவிடுக. முதுகின்கீழ் ஒரு கம்பளி இடுக. நெற்றியும் காதும் மறையப் பருத்தித் துணி கட்டுக. மூக்கும் வாயும் திறந்தே இருக்கட்டும்.

தூக்கணாங்குருவி நம் நாட்டின் பழைய ஏணைவாசி. தென்மேற்குக் காற்றுக்கு ஒதுங்கி, மரத்தின் கிழக்குப் பக்கத்திலேயே அது பெரும்பாலும் கூடு கட்டும் என்பர் பறவைநூலார். சுற்றிலும் நார்ச்சுவர், கீழே திறந்த வாயில். மறைப்பும் உண்டு, மூச்சுக்கு வழியும் உண்டு.

தீர்ப்பு மகள் பக்கமே ஆயிற்று. பேரன் இப்போது தரைப்பாயிலே முகம் திறந்து உறங்குகிறான். என் மனையாள் சால்வையை மடித்து என் தலைக்குக் கட்டிவிட்டாள். அன்புக்கும் ஓர் இடம் வேண்டுமன்றோ? ஏணையின் தலைமாட்டை நான் கிழக்கே மாற்றிவிட்டேன்.