தேர் இழுத்தது கணக்குல வராதா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட வடம் பிடிச்சிருக்கீங்களா? இந்த வருஷம் நான் பிடிச்சேன். சட்டையைப் பிழியுற அளவுக்கு வியர்வை. ஆனா கையில கட்டின வாட்ச் ஸ்டெப்ஸைக் கொஞ்சமாத்தான் காட்டுச்சு. பெரும்பாலும் கைவீச்சை வைச்சுத்தான் அது எண்ணும். வடம் பிடிச்ச கை எங்கே வீசும்?

ராஜபாளையம் திரும்பி, ராத்திரி பதினொன்றரைக்கு மொட்டைமாடியில நடந்து பத்தாயிரத்தை முடிச்சேன். தூக்கம் போச்சு.

அந்தப் பத்தாயிரமும் டாக்டர் எழுதிக்கொடுத்ததில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கே' கருவியின் பெயருக்கே 'பத்தாயிரம் காலடி மீட்டர்' என்றுதான் அர்த்தம். விளம்பரம், அவ்வளவுதான்!

வாட்சைக் கழட்டச் சொல்லல. செமஸ்டர் வாரம் முழுக்க நாலு மணி நேரம்தான் தூங்கினேன்னு காட்டிக்கொடுத்ததும் அதுதான். அந்த வாரக்கணக்கைப் பாருங்க. ராத்திரி எட்டாயிரத்துல நின்னா, படுத்துத் தூங்குங்க.