எண்ணெய் யாருக்கு, வரி யாருக்கு?

 

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "அமெரிக்கா ஆர்டர் நின்னுபோச்சுங்க சார், வாரத்துல மூணு நாள்தான் வேலை" என்றாள். 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அங்கே 50 சதவீத வரி போட்டார்கள். அதில் பாதி, நாம் ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. நம்மைவிட அதிகம் வாங்கிய சீனாவுக்கு அந்தத் தண்டனை விதிக்கப்படவில்லை என்பது தனிக்கூத்து.

அன்று இரவு டெக்சாஸில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளையோடு இதே பேச்சு. "எல்லையில சீனா நிக்கிறப்போ அமெரிக்காவை எதுக்கு மாமா பகைச்சுக்கணும்? அவங்க பக்கம் சேர்ந்துடறதுதான் நல்லது" என்கிறார். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எனக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூட உப்புமா. அமெரிக்காவிலிருந்து 'கேர்' மூலம் வந்த கோதுமை ரவையையும் பால் பவுடரையும் என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1965, 66இல் மழை பொய்த்து நாடே அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. வியட்நாம் போரை நாம் குறை சொன்னது அதிபர் ஜான்சனுக்கு எரிச்சல். கப்பல்களை இழுத்து இழுத்துத்தான் அனுப்பினார். அப்போது உணவு அமைச்சர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்தார். பிறகுதான் அந்தக் கையேந்தல் மெல்ல நின்றது.

அதனால் யாரிடம் எண்ணெய் வாங்குவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும் என்ற கட்சிதான் நான். என் சண்டை வேறு.

2022க்கு முன் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், 2025இல் நம் இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. தள்ளுபடியில் வாங்கிச் சுத்திகரிப்பு ஆலைகள் நல்ல லாபம் பார்த்தன. நாமக்கல் பங்கில் பெட்ரோல் 2025இலும் நூறைத் தாண்டித்தான் நின்றது. அடி மட்டும் திருப்பூருக்கும் கரூருக்கும். 2025இல் நாமக்கல்லிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு கோடி முட்டை போனதென்று பெருமைப்பட்டோமே, அந்தச் சந்தைக்கும் இதே கதிதான்.

பஞ்சு இறக்குமதி வரியை 2025 டிசம்பர் வரை நீக்கினார்கள். மில்லுக்கு உதவியிருக்கும். மூன்று நாள் கூலியில் குடும்பம் நடத்துகிறவளுக்கு? வேலை போனால் 90 நாள் வரை பாதிச் சம்பளம் தரும் திட்டம் இ.எஸ்.ஐ.யில் ஏற்கெனவே இருக்கிறது. வேலைநாள் குறைந்தவர்களுக்கும் அதை நீட்டி, செலவை மத்திய அரசே ஏற்கட்டும். முடிவெடுத்தது டெல்லிதானே?

இதற்கு மாப்பிள்ளையும் மறுப்புச் சொல்லவில்லை. திருப்பூர், கரூரில் இருக்கும் பிள்ளைகள், உங்கள் கம்பெனியில் இப்போது வாரத்துக்கு எத்தனை நாள் வேலை என்று கீழே எழுதுங்கள்.