இரண்டாம் சாவி

நமது மோட்டார் வண்டிக்கு இருபது வயது கடந்துவிட்டது. 2004ஆம் ஆண்டில் ஜப்பானில் பிறந்து, வேறொருவர் கையில் சில காலம் உழன்று, பின்னர் நம்மிடம் வந்து சேர்ந்த நிஸான் வண்டி அது. வரும்போது ஒரே ஒரு சாவியோடுதான் வந்தது. (யாழ்ப்பாணத்து நண்பர்கள் 'திறப்பு' என்பார்கள். அழகான சொல்தான். ஆனால் பூட்டுவதற்கும் அதுவேதானே என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.) இன்னொரு சாவி செய்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே நினைத்தோம். நினைத்துக்கொண்டே பத்து ஆண்டுகளைக் கழித்துவிட்டோம்.

புது வண்டி வாங்கிவிடலாமே என்று கேட்கும் நேயர்கள் நம் நாட்டுச் சங்கதியைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டியை வைத்திருந்தவர்கள் அதனைக் கிழட்டுப் பசுவைப் போலப் பேணினார்கள். பசுவுக்கு வயதானால் பல் ஆடும். வண்டிக்கு வயதானால் முதலில் ஆட்டங் காண்பது ரிமோட்தான்.

நமது ரிமோட்டுக்கு எமனாக வந்தது மழை. வைகாசி தொடங்கி மாதக் கணக்காக ஹட்டன் பக்கத்தில் மழைக்கோட்டுப் பையில் கிடக்கும் எந்தப் பொருளும் உலர்ந்து இருப்பதில்லை. பொத்தான்களின் மேலிருந்த ரப்பர் கிழிந்தது. கூடு வெடித்தது. கதவைத் திறக்கப் பொத்தானை நாலைந்து முறை அமுக்க வேண்டியதாயிற்று. பற்றரியை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை.

அப்போது ஒரு விளம்பரம் கண்ணிற் பட்டது. நமது ரிமோட்டைப் போலவே அச்சு அசலான ஒன்று, தபாலில் வீடு தேடி வருமாம். வரவழைத்தோம். நிறம், வடிவம், பொத்தான்களின் எண்ணிக்கை யாவும் ஒன்றே. ஆனால் வண்டி அதனை ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்னர்தான் காரணம் விளங்கிற்று. ரிமோட் என்பது ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையம். ஜப்பான் நாட்டு வண்டிகளின் ரிமோட்டுகள் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டிப் பேசுகின்றன. ஐரோப்பாவுக்கென்று செய்யப்பட்டவை 433 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில். நம் வீட்டுப் பழைய வானொலியில் முள் ஒரு நூலளவு விலகினால் பாட்டுக்குப் பதில் இரைச்சல் கேட்கும் அல்லவா? நமக்குத் தபாலில் வந்தது ஐரோப்பியக் குரல். வண்டியின் காதோ ஜப்பானியக் காது. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினோம், மறுமொழி இல்லை. வாங்குமுன் பழைய ரிமோட்டைத் திறந்து, உட்பலகையில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அலைவரிசையையும் படித்துக் குறித்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும்.

சரி, உள்ளிருப்பது நன்றாகத்தானே இருக்கிறது, வெறுங் கூட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று அடுத்த யோசனை பிறந்தது. வெறுங் கூடு நகரத்துக் கடை ஒன்றிலேயே மலிவாகக் கிடைத்தது. ஒரு மாலைப் பொழுதில் மேசையடியில் அமர்ந்து, பழைய கூட்டை நாணயத்தால் நெம்பித் திறந்து, பச்சை நிறப் பலகையையும் பற்றரியையும் இரும்பு அலகையும் எடுத்துப் புதிய கூட்டில் பொருத்தினோம். திண்ணையில் நின்று பொத்தானை அமுக்கினோம். ஒரே அமுக்கில் கதவு திறந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் வண்டியருகே போகவில்லை. நமது கைவேலையை நாமே மெச்சிக்கொண்டு உறங்கப் போனோம்.

அன்றிரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

நாம் குடியிருப்பது ஹட்டனிலிருந்து மஸ்கெலியா செல்லும் வீதியை விட்டு இரண்டு கட்டை உள்ளே தள்ளிய ஒரு தோட்டத்தின் ஓரம். மேலே மூன்று லயங்கள். அங்கே இரவில் நோய் என்றால் 1990 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அம்புலன்ஸ் வரும். ஆனால் பிரதான வீதி வரைதான் வரும். அதற்கப்பால் உள்ள கற்பாதையில் அந்த வண்டி ஏறாது. நோயாளியை வீதி வரை கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு. அந்த இரண்டு கட்டைக்கு அங்குள்ளோர் நம்பியிருந்தது நமது பழைய வண்டியைத்தான். பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் எத்தனையோ முறை அது இறங்கிப் போயிருக்கிறது.

வாசலில் நம்மிடம் உயர்தரம் படிக்கும் மாணவன் ஒருவன் நனைந்துகொண்டு நின்றான்.

"சேர், அம்மாவுக்கு மூச்சு எடுக்க முடியல்ல. 1990க்குச் சொல்லிட்டேன். ரோட்டு வரைக்கும் காரை எடுக்க முடியுங்களா சேர்?"

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினோம். பொத்தானை அமுக்கினோம், கதவு திறந்தது. சாவியைத் திருப்பினோம். இயந்திரம் சுழன்றது, பற்றிக்கொள்ளவில்லை. மீண்டும் திருப்பினோம். மீண்டும் அதே வெறுஞ் சுழற்சி. முன்பலகையில் ஒரு சிறு செவ்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பெற்றோல் இருந்தது, பற்றரியில் வலு இருந்தது. எது இல்லை என்றுதான் தெரியவில்லை. பையன் கண்ணாடியருகே நின்று நமது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் வீணாயிற்று.

அதற்குமேல் அவன் காத்திருக்கவில்லை. லயத்துக்கு ஓடினான். நான்கு பேர் அந்த அம்மையாரைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியின் நான்கு முனைகளையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார்கள். நாமும் டோர்ச் லைற்றைப் பிடித்தபடி முன்னே நடந்தோம். பாட்டன் காலத்தில் நோயாளி எப்படிப் போனாரோ, அப்படியே போனோம். விளக்கெரிய நின்ற வண்டி பின்னாலேயே நின்றது. வீதியில் அம்புலன்ஸ் காத்திருந்தது. டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் நான்கு நாட்கள் இருந்து அந்த அம்மையார் நலமாகத் திரும்பினார். மறுவாரம் வழியிற் கண்டபோது, "சேருக்கு அன்னைக்கு ராத்திரி தொந்தரவு குடுத்துட்டோம்" என்றார். நமக்குப் பதில் வரவில்லை.

விடிந்ததும் கண்டியிலுள்ள வாகனச் சாவி வேலைக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் முஸ்லிம் அன்பர். பேச்சில் அலங்காரம் கிடையாது.

"பழைய கூடு எங்க மாஸ்டர்?"

"எறிந்துவிட்டோம்."

"அதுக்குள்ளதான் சிப்பு இருந்திருக்கும். அது இல்லாம வண்டி ஓடாது. முதல்ல அதத் தேடுங்க."

குப்பைக் கூடையைக் கவிழ்த்தோம், இல்லை. இறுதியில் அது நமது இளைய மகளின் பொம்மை வீட்டில் கிடைத்தது. பொம்மைக்குத் தொலைபேசியாக வைத்திருந்தாளாம். கூட்டின் மூலையில் புளியங்கொட்டையின் பாதியளவாக ஒரு கறுப்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி என்று நாம் எண்ணியது அதனைத்தான். அதனைப் புதிய கூட்டில் இட்டுச் சாவியைத் திருப்பியதும், ஒன்றுமே நடவாதது போல வண்டி உறுமிற்று.

நாம் ஒரு சாவி என்று எண்ணுவது உண்மையில் மூன்று சாவிகள். இரும்பு அலகு பூட்டைத் திருப்புகிறது. பொத்தான்கள் கதவைத் திறக்கின்றன. மூன்றாவதாகிய அந்தக் கறுப்புத் துண்டு, 'இவன் நம்மவன்' என்று இயந்திரத்துக்குச் சொல்கிறது. அதற்குப் பற்றரி வேண்டியதில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் எழுப்பும் அலையே அதற்கு உணவு. அந்த அலையில் விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். எண் பொருந்தாவிட்டால் இயந்திரத்துக்கு எரிபொருளோ தீப்பொறியோ கிடையாது. கள்வருக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு இது. பிரித்தானியாவில் 1998 ஒக்டோபர் முதல் புதிய கார் யாவற்றிலும் இத்தகைய காவல் இருக்க வேண்டும் என்று சட்டமாயிற்று. அன்றிரவு அந்தக் காவல் தன் கடமையைச் செய்தது. அதன் கண்ணுக்கு நாமே கள்வர்.

அடுத்த சனிக்கிழமை கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு ஓட்டிச் சென்றோம். அந்த அன்பர் முதலிற் கேட்டது பணத்தையன்று. வண்டியின் பதிவுச் சான்றிதழையும் நமது அடையாள அட்டையையும். கேளாமல் சாவி செய்து கொடுப்பவரிடம் வண்டியை ஒப்படைக்க நமக்கும் மனம் வராது. "இருக்கிற சாவி எல்லாத்தையும் மேசையில வைங்க" என்பது அவருடைய அடுத்த கட்டளை. இத்தகைய வண்டிகள் பலவற்றில் புதிய சாவியைப் பதியும்போது பழைய பதிவு முழுவதும் அழிந்துவிடும். வீட்டில் மறந்துவிட்டு வந்த சாவி அன்றோடு வெறும் இரும்பு. தொலைந்த சாவி எவன் கையிலோ இருக்குமே என்று அஞ்சுவோருக்கு இதிலே ஓர் ஆறுதலும் உண்டு.

அலகை இயந்திரத்தில் வைத்து வெட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கணினிக் கருவியைச் செருகி, சிப்புகள் இரண்டையும் வண்டிக்கு அறிமுகம் செய்துவைத்தார். பழைய ரிமோட் ஒன்றை மலிவாகத் தேடி வாங்கலாமா என்று கேட்டோம். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் கூடை கூடையாகக் கிடைப்பது நமக்குத் தெரியும். அவர் தலையசைத்தார். பல வகைகளில், ஒரு வண்டிக்கு ஒருமுறை எழுதப்பட்ட சிப்பு வேறு வண்டியை ஏற்றுக்கொள்ளாதாம்.

பொத்தான்களைப் பதிவதற்கு மட்டும் கருவி தேவைப்படவில்லை. அது ஒரு சடங்கு. பழைய நிஸான் வண்டிகள் பலவற்றில் கதவுகளை மூடிப் பூட்டிக்கொண்டு உள்ளே அமர்ந்து, சாவியைத் துவாரத்தில் இட்டு முற்றாக வெளியே உருவ வேண்டும். 10 விநாடிக்குள் ஆறு முறை. முறை தப்பாமற் செய்தால் அபாய விளக்குகள் இருமுறை சிமிட்டும். உடனே சாவியை முதற் கட்டத்துக்குத் திருப்பி, ரிமோட்டின் பொத்தானை அமுக்க வேண்டும். மீண்டும் சிமிட்டினால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஹொண்டா வண்டிகள் பலவற்றுக்குச் சாவியைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு தடவையும் பூட்டும் பொத்தானை அமுக்க வேண்டும். டொயோட்டாவில் கதவைத் திறப்பதும் மூடுவதும் கூடச் சடங்கில் சேரும். எல்லாம் பழைய வண்டிகளுக்கே. புதியவை கருவியின்றி அசையா. நாம் ஒருமுறை செய்து பார்க்கிறோம் என்றோம். இருமுறை தோற்றோம். "மாஸ்டர், கரும்பலகையில எழுதுற மாதிரி நிதானமா வேணாம். கெதியா, கெதியா!" என்றார் அன்பர். மூன்றாம் முறை விளக்குகள் சிமிட்டின. பரீட்சையில் தேறிய பையன்களின் முகம் ஏன் அப்படி மலர்கிறது என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

மகள் பொம்மைத் தொலைபேசி என்று புதிய ரிமோட்டையும் எடுத்து அமுக்கிக்கொண்டிருந்தால் கெட்டுவிடுமோ என்று கேட்டோம். ரிமோட் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. ஒட்டுக்கேட்பவன் திருடாதிருக்க, அமுக்குந்தோறும் எண் மாறும். இந்த வித்தையில் பேர்போன கீலொக் என்னும் முறை 1980களில் தென்னாபிரிக்காவில் உருவாகி, 1995இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று. அதிலே ரிமோட் வண்டியை விட 16 எண்கள் வரை முந்திப் போயிருந்தாலும் வண்டி பொறுத்துக்கொள்ளும். மேலும் முந்தினால் அடுத்தடுத்து இருமுறை அமுக்கச் சொல்லும். நமது வண்டியின் பொறுமை எவ்வளவு என்று சோதிக்க விரும்பாமல், மகளுக்கு வேறு பொம்மை வாங்கிக் கொடுத்தோம்.

செலவு நமது ஒரு மாதப் பெற்றோல் பணத்துக்குச் சற்றுக் குறைவு. உள்ள ஒரே சாவியும் தொலைந்த பின் வந்திருந்தால் எவ்வளவாகும் என்று கேட்டபோது, வண்டியை லொறியில் ஏற்றிக் கொண்டுவரும் கூலியையும் சேர்த்து அவர் சொன்ன தொகை அதைப் போல மூன்று மடங்கு. பத்து ஆண்டுகள் சோம்பியிருந்ததற்கு நாம் கொடுக்கத் தப்பிய தண்டம் அது.

இரண்டாம் சாவியை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு எழுந்தது. இல்லத்தரசிக்கு அலுமாரி, நமக்கு லயம். தோட்டத்து லொறியை முப்பது ஆண்டுகள் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மேல் லயத்தில் இருக்கிறார். சாரதி அனுமதிப்பத்திரத்தை இன்றும் புதுப்பித்து வைத்திருக்கிறார். நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நாட்களில் வண்டி சும்மா நிற்கிறது; நோய் விடுமுறை பார்ப்பதில்லை.

"என்னங்க, காரையே தூக்கிக் குடுக்குற மாதிரிதானே இது?" என்றாள் இல்லத்தரசி. அன்றிரவு கம்பளியைத் தூக்கிய நால்வரில் அவரும் ஒருவர் என்று சொன்னோம். அதற்குமேல் அவள் பேசவில்லை. சாவிக்குச் சிவப்பு நூலில் ஒரு கயிறு மட்டும் திரித்துக் கட்டிக் கொடுத்தாள்.

சாவி இப்போது அந்தப் பெரியவர் வீட்டில், பிள்ளையார் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்குகிறது. ஞாயிறு தோறும் காலையில் இறங்கி வந்து இயந்திரத்தை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கிறார். சென்ற வாரம் நாம் ஊரில் இல்லை. வண்டியின் மேல் விழுந்திருந்த சவுக்குச் சருகுகளைத் துடைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ரிமோட்டின் பற்றரி எண்ணைப் பழைய லொறிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனாராம்.