உள்நுழைவுக்குப் பின் தோன்றும் பாடம்

குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இலும் உ.வே.சாமிநாதையர் 1937இலும் பதிப்பித்தனர். இவ்விரு பதிப்புகளின் பாட வேறுபாடு ஒன்றைச் சுட்டும் ஆய்வாளர் பக்க எண்ணைத் தந்தால் போதும். ஐயுறுவோர் நூலகத்தில் எடுத்துச் சரிபார்க்கலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெற்றபின் பாடலைக் காட்டும் மின்தரவுத்தளங்களில் இந்த எளிய வசதி இல்லை.

அவை இயங்கும் முறையே இதற்குக் காரணம். அங்கே வலைப்பக்கம் என்றொரு கோப்பு இருப்பதில்லை. பயனர் உள்நுழைந்து வினவும்பொழுது, நிரல் தரவுத்தளத்திலிருந்து பாடலை எடுத்து, வார்ப்புருவில் இட்டு, அக்கணமே பக்கத்தை ஆக்கித் தருகிறது. அடிக்குறிப்பில் தரப்பட்ட முகவரியை மற்றொருவர் திறந்தால் அவர் காண்பது உள்நுழைவுப் படிவத்தையே. வலைப்பக்கங்களைத் திரட்டிச் சேமிக்கும் காப்பகங்களின் தானியங்கி நிரல்களும் அப்படிவத்தைத் தாண்டுவதில்லை. இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. தரவுத்தளத்தில் ஒரு சொல் திருத்தப்படின், பழையதைத் தனியே பேணாதவிடத்து, முந்தைய பாடம் சுவடின்றி மறைகிறது. ஆய்வேடுகளில் 'பார்த்த நாள்' குறிக்கும் வழக்கம் இதற்கு ஈடாகாது; அந்நாளில் இருந்த பக்கத்தை எவரும் மீண்டும் காண இயலாதே.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை எண்ணிட்ட கோப்புகளாக, உள்நுழைவின்றி வழங்கியது. தோற்றத்தில் மிக எளிய அக்கோப்புகளை எவரும் தம் கணினியில் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஏட்டுச்சுவடிகளும் படியெடுக்கப்பட்டே பிழைத்தன என்பது பதிப்பு வரலாறு கற்றோர்க்குப் புதிதன்று.

தரவுத்தளத்தைக் கைவிட வேண்டியதில்லை. தேடலுக்கும் சொல்லடைவுக்கும் அது இன்றியமையாதது. பக்கத்தைத் திரைக்கு அனுப்பும் அதே நிரல், அதனைக் கோப்பாகவும் எழுதிவைக்குமாறு செய்யலாம். குறுந்தொகைக்குக் கடவுள் வாழ்த்து உட்பட 402 கோப்புகள், திருக்குறளுக்கு 1330 என ஒரே இயக்கத்தில் அவை உருவாகிவிடும். கோப்பின் பெயரில் நூல், பாடல் எண், திருத்த எண் ஆகியன அமைய வேண்டும். பாடம் திருத்தப்பட்டால் புதிய எண்ணுடன் புதிய கோப்பு பிறக்கும்; பழையது தன் முகவரியிலேயே நிற்கும். உள்நுழைவு, திருத்தும் உரிமையுடைய பதிப்பாசிரியர்க்கு மட்டும் போதும்.

பதிப்புரிமையைக் காட்டி இதனை மறுப்போர் உளர். அவ்வுரிமை இக்கால உரைகளுக்கும் ஆய்வுரைகளுக்கும் உண்டு; சங்கப் பாடலின் மூலத்திற்கு இல்லை. உரைகளை மட்டும் உள்நுழைவுக்குள் வைத்து, மூலபாடக் கோப்பிலிருந்து அவற்றிற்கு இணைப்புத் தரலாம்.