அச்சாரம் வீட்டுக்காரரின் சொத்தா?

அச்சாரம் என்ற சொல் தமிழிலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு. இரண்டு பாஷையிலும் பொருள் ஒன்றேதான்: பேச்சு உறுதி என்பதற்கு அடையாளமாகக் கொடுத்து வைக்கும் பணம். ஆனால் இடப்பள்ளியிலும் மட்டாஞ்சேரியிலும் வாத்துருத்தியிலும் வாடகை வீடு தேடி அலையும் நம் குடும்பங்களுக்கு வேறோர் அர்த்தம் கற்பிக்கப்பட்டு வருகிறது. கொடுத்தால் போனது என்பதே அந்த அர்த்தம்.

சங்கத்துக்கு வரும் புகார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. கணவன் கம்பி கட்டுகிறவர், மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். புரோக்கர் ஒரு போர்ஷனைக் காட்டுகிறார். "இன்றைக்கே டோக்கன் கொடுத்தால் உங்களுக்கு, இல்லையென்றால் ராத்திரியே வேறு பார்ட்டி" என்கிறார். ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கைமாறுகிறது. ரசீது கேட்டால், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபம் வருகிறது. பத்து நாள் கழித்துச் சட்டிபானையோடு போய் நின்றால் வீட்டில் வேறு பூட்டு தொங்குகிறது. துபாயிலிருந்து மகன் வருகிறான் என்பார்கள். இத்தனை பேர் தங்கக்கூடாது என்பார்கள். தமிழ்க்காரர்களுக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டார் ஆட்சேபிக்கிறார்கள் என்று நேராகவே சொல்பவர்களும் உண்டு. சரி, வீடு வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றால், "அட்வான்ஸ் திரிச்சு தரில்லா" என்று பதில். வீட்டுக்காரர் புரோக்கரைக் கைகாட்டுவார், புரோக்கர் வீட்டுக்காரரைக் கைகாட்டுவார். அரசாங்கம் நம்மை 'அதிதித் தொழிலாளி' என்று கௌரவமாக அழைக்கிறது. விருந்தாளியின் மடியை அவிழ்ப்பது எந்த ஊர் உபசாரம்?

"டோக்கன் திரும்பாது, அதுதான் வழக்கம்" என்கிறார்கள். எந்த வழக்கம், யார் வைத்த வழக்கம் என்று நாம் கேட்க வேண்டும். ரயில்வே கவுண்டரில் டிக்கெட் எடுக்கிற எவருக்கும் தெரிந்த கணக்கு ஒன்றைச் சொல்லுகிறோம். வண்டியை ரயில்வே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். பயணி ரத்து செய்தால், எவ்வளவு நேரம் முன்னதாகச் செய்தார் என்று பார்த்துப் பிடித்தம் போக மீதி வரும். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் பயணிகள் வண்டிகள் நின்றபோது, கவுண்டர் டிக்கெட்டுக்குப் பணம் வாங்கும் கெடுவை மாதக்கணக்கில் நீட்டினார்கள். யாரால் முறிந்தது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற இரண்டு கேள்விதான் அதில் இருக்கிறது. ஒற்றை அறையும் சாய்ப்பும் வாடகைக்கு விடுகிறவருக்கு இதைவிடப் பெரிய சட்டம் எங்கிருந்து வந்தது?

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்லுகிறது. 1872ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் செல்லாமற் போனால், அதன்கீழ் ஒருவர் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65ம் பிரிவு. பேச்சை முறித்தவர் மற்றவருக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்கிறது 73ம் பிரிவு. ஆகவே வீட்டுக்காரரே பின்வாங்கினால் அச்சாரம் முழுசாகத் திரும்ப வேண்டும். நீங்கள் வாடகைக்கு வண்டி பிடித்துச் சாமான் ஏற்றிப்போன செலவைக்கூடக் கேட்கலாம். வெள்ளத்தாலோ நகரசபை சீல் வைத்ததாலோ வீடு குடியிருக்க முடியாமற் போனால், அது இருவர் குற்றமும் அல்ல. அப்போதும் பணத்தை அமுக்கிக்கொள்ள நியாயமில்லை.

நம் ஆளே பின்வாங்கினால்? இங்கேதான் வீட்டுக்காரர்கள் மார் தட்டுகிறார்கள். 74ம் பிரிவைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு உட்பட்டு, நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும் என்று அது சொல்லுகிறது. 1963ல் பத்தேசந்த் வழக்கில் உச்சநீதிமன்றம், விற்பனைக்காரர் பிடித்து வைத்திருந்த ரூ. 25,000ல் அச்சாரமான ரூ. 1,000 ஒழிய மீதி ரூ. 24,000ஐ வெறும் ஒப்பந்த வாசகத்தைக் காட்டி விழுங்க முடியாது என்றது. 2015ல் கைலாஷ்நாத் வழக்கு இன்னும் ருசிகரமானது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனையை ஏலம்விட்டு, கால்பங்குத் தொகையாக ரூ. 78 லட்சம் வாங்கியது. பிறகு ஏலத்தை ரத்து செய்து அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டது. அதே மனையை 1994ல் பல மடங்கு அதிக விலைக்கு விற்றது. உனக்கு நஷ்டமே இல்லையே, எதற்காகப் பிடித்தாய் என்று கேட்டு, வட்டியோடு திருப்பித்தரச் சொன்னது உச்சநீதிமன்றம். சர்க்கார் ஆணையத்துக்கே இந்தக் கதி என்றால், நம்மிடம் வாங்கிய பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு அடுத்த வாரமே கூடுதல் வாடகைக்கு ஆள் வைத்த மனிதர் எந்த நஷ்டத்தைக் காட்டப் போகிறார்? வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தது என்று நிரூபித்தால் அதற்குத் தக்கதைக் கேட்கட்டும். அதை நாம் மறுக்கவில்லை. பேச்சை முறித்தவன் நம் ஆள் என்றால் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். கேரளத்தில் 1965ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாடகைக்கு மேல் பகடி, சலாமி என்று எதுவும் வாங்கக் கூடாதென்று அதன் 8ம் பிரிவு தடுத்திருந்தது. 1995ல் நியாய வாடகைப் பிரிவுகளோடு அதையும் செல்லாதென்று உயர்நீதிமன்றம் அடித்துவிட்டது. நம் கையிலிருந்த ஒரு பிடி அன்றோடு தளர்ந்தது. தமிழ்நாட்டில் 2017ம் ஆண்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்கிறது. மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. மாதிரி என்பது மாதிரிதான், மாநிலம் சட்டமாக்கினால்தான் கோர்ட்டில் நிற்கும். இவையும் பெரிய அட்வான்ஸைப் பற்றித்தான் பேசுகின்றன. குடியேறுவதற்கு முன் வாங்கும் டோக்கனைத் தனியாக எடுத்துச் சட்டம் போட்ட தேசமும் உண்டு. இங்கிலாந்தில் 2019 முதல், அப்படி வாங்கும் பணம் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டுக்காரர் பின்வாங்கினால் 7 நாளில் திருப்ப வேண்டும். அங்கே எழுத முடிந்த நாலு வரியைத் திருவனந்தபுரத்தில் எழுத முடியாதா? ஓட்டு இங்கே இல்லாதவனுக்கு யார் எழுதுவார்கள் என்று நம்மில் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். வாடகைக்குக் குடியிருக்கும் மலையாளித் தொழிலாளிக்கும் ஓட்டு இருக்கிறது, அவர் டோக்கனும் இதே பாட்டில்தான் போகிறது. இதை அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கையாகவே நாம் பார்க்கிறோம்.

நம்மவர்களைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. ஊர்க்காரன் என்று நம்பி மேஸ்திரியிடம் பணம் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் கொஞ்சமல்ல. தமிழ் பேசி வாங்கினால் அது களவு இல்லை என்றாகிவிடுமா? வீட்டுக்காரர் அனுமதியோடு புரோக்கர் வாங்கியிருந்தால் வீட்டுக்காரரே பொறுப்பு. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வாங்கியிருந்தால் வாங்கினவரே பொறுப்பு. தனக்கு உரிமையில்லாத வீட்டைக் காட்டியோ, ஒரே வீட்டுக்கு நாலு பேரிடமோ ஏமாற்றும் நோக்கோடு பணம் வாங்கியிருந்தால் அது மோசடிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ம் பிரிவு. ஸ்டேஷனில் "இது சிவில் கேஸ்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். எழுதிக் கொடுத்து ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

கையில் காகிதம் இல்லையே என்று தளர வேண்டாம். கூகுள் பே வழியாகப் போட்டிருந்தால் தேதியும் தொகையும் பேங்க் கணக்கில் நிற்கும். வாட்ஸ்அப்பில் பேசின குரலை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றினாலும் எடுத்து வையுங்கள். இனி கொடுப்பவர்கள் கொடுக்கும்போதே ஒரு வரி செய்தி அனுப்புங்கள்: இன்ன வீட்டுக்கு, இவ்வளவு டோக்கன், இன்ன தேதிக்குள் சாவி, தராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். எதிராளி "ஓகே" என்று போட்டால் அதுவே ரசீது.

அடுத்து, பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். ரிஜிஸ்தர் தபாலை 2025ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்டிலேயே கையெழுத்து அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் கணயன்னூர் தாலுகா சட்டப்பணிக் குழுவில் மனு. 1987ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. ஆகவே மனுவை மனைவி பெயரில் போட வேண்டுமானால், பணம் அவர் கையிலிருந்தோ அவர் கணக்கிலிருந்தோ போயிருப்பது நல்லது. லோக் அதாலத்தில் கோர்ட்டுக் கட்டணம் இல்லை; அங்கே முடிவானது சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், அதன்மேல் அப்பீலும் கிடையாது. எதிராளி ஒத்துவராவிட்டால் முன்சீப் கோர்ட் இருக்கிறது. பணம் கேட்டு வழக்குப்போட மூன்று வருஷம் அவகாசம். தேசிய உதவி எண் 15100.

அயலூரில் வந்து கோர்ட்டு ஏறலாமா என்று தயங்குகிறவர்கள் தனியே போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கொடுத்த தேதி, தொகை, வீட்டு விலாசம், சாட்சி பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லலாம், எழுதிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். நோட்டீஸ் செலவு இப்போதைக்குச் சங்க நிதியிலிருந்து.